மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் சால்மொனெல்லா: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. புதிய மாணவர்கள் இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்பதில் மகிழ்ச்சி. மேக்ரோஃபேஜுக்குள், அதாவது கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லுக்குள், புகுந்த சால்மொனெல்லா பாக்டீரியா எந்த மரபணுக்களை இயக்குகிறது என்று பார்க்கப் போகிறாய். ஒரு மாதிரிக்கு எத்தனை கோடி ரீட் (வரிசைப்படுத்தும் கருவி படிக்கும் துண்டுகள்) போதும் என்று கேட்டிருக்கிறாய். அதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ-வை எந்தக் கணத்தில் உறைய வைக்கிறாய், அதை எதனுடன் ஒப்பிடுகிறாய். இவை தவறினால் ரீட் எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.

பாக்டீரியாவின் எம்.ஆர்.என்.ஏ (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ) பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். மேக்ரோஃபேஜை டிரைட்டன் என்ற சோப்புப்பொருளால் உடைத்து, மையவிலக்கியில் சுழற்றி, கழுவி, அதன்பின் ஆர்.என்.ஏ பிரிக்கும் ட்ரைசால் கரைசலில் போட்டால் குறைந்தது இருபது நிமிடம் போய்விடும். மேக்ரோஃபேஜுக்குள் பி.எச். 5 அளவில் அமிலமான குமிழில் கிடந்த பாக்டீரியா அதற்குள் பஃபருக்கு வந்து வேறு வேலையைத் தொடங்கியிருக்கும். நீ அளப்பது உன் பிரித்தெடுப்பையே தவிர தொற்றை அல்ல.

இதற்கு இன்றும் நான் நம்புவது 2003-இல் ஹின்டன், ரேன் குழுக்கள் ஜே774 என்ற எலி மேக்ரோஃபேஜ் செல்களில் பயன்படுத்திய கரைசலைத்தான்: தண்ணீரில் 0.1% எஸ்.டி.எஸ். (ஒரு சோப்புப்பொருள்), 1% அமில பீனால், 19% எத்தனால். ஊடகத்தை உறிஞ்சி எடுத்த கையோடு தட்டில் ஊற்றி, பனிக்கட்டி மேல் 30 நிமிடம் வை. எஸ்.டி.எஸ். மேக்ரோஃபேஜை உடைக்கும், பீனாலும் எத்தனாலும் பாக்டீரியாவை உடைக்காமல் உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ-வை அப்படியே நிறுத்திவிடும். உட்கரு உடைந்து டி.என்.ஏ வெளிவருவதால் கரைசல் பசைபோல் இழுக்கும். அப்படியே சுழற்றினால் பாக்டீரியா அடியில் தங்காது. பிப்பெட்டால் பலமுறை ஏற்றி இறக்கி இழைகளை அறுத்த பிறகு 4 டிகிரியில் சுழற்று. அந்த ஆய்வில் 4451 மரபணுக்களில் 919-இன் வெளிப்பாடு மாறியிருந்தது.

தொற்றைப் பொறுத்தவரை, இரவு முழுக்க வளர்ந்து நிலைக்கட்டத்துக்கு வந்த பாக்டீரியாவையே எடு. வளர்ச்சிக் கட்டத்தின் இறுதியில் எடுத்தால் ஸ்பை-1, அதாவது செல்லுக்குள் நுழைய உதவும் மரபணுத் தொகுதி, இயங்கிக்கொண்டிருக்கும். அதனால் பைரோப்டோசிஸில் (அழற்சியோடு செல் தானே வெடித்துச் சாவது) மேக்ரோஃபேஜ்கள் ஓரிரு மணி நேரத்திலேயே வெடித்துவிடும். கிருமிகளைத் தானாக விழுங்காத ஹீலா போன்ற செல்லாக இருந்தால் நேரெதிர்: அங்கே உள்ளே நுழையவே ஸ்பை-1 வேண்டும். செல்லுக்குப் பத்து பாக்டீரியா என்ற விகிதத்தில் சேர்த்து, மெல்லச் சுழற்றி அடியில் படியவிட்டு, 37 டிகிரியில் அரை மணி நேரம் வை. பிறகு, வெளியே தங்கிய பாக்டீரியாவைக் கொல்ல, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் ஆன்டிபயாடிக்கில் ஒரு மணி நேரம், அதன்பின் கடைசிவரை 10 மைக்ரோகிராம். 100-லேயே விட்டுவிடாதே, மணிக்கணக்கில் இருந்தால் மருந்து மேக்ரோஃபேஜுக்குள்ளும் மெல்லச் சேரும். பிறகு நீ பார்ப்பது ஆன்டிபயாடிக்குக்கு பாக்டீரியா காட்டும் எதிர்வினையாக இருக்கும்.

ஒப்பீட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எல்.பி. என்ற வழக்கமான ஆய்வக வளர்ப்புக் குழம்பில் வளர்ந்த பாக்டீரியாவுடன் ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறியதாக வரும். அவற்றில் கணிசமானவை வெறும் ஊடக மாற்றத்தால் வந்தவை. அதே செல் ஊடகம், அதே சீரம், அதே 5% கார்பன் டைஆக்சைடு, அதே நேரம், ஆனால் மேக்ரோஃபேஜ் இல்லாமல்: இதுதான் ஒப்பு மாதிரி. அதையும் அதே பீனால் கரைசலில் அதே 30 நிமிடம் வைக்க வேண்டும். முடிந்தால் பி.எச். 5.8, பாஸ்பேட் 0.4 மில்லிமோலார் உள்ள ஊடகத்திலும் ஒரு மாதிரி எடு. செல்லுக்குள் பிழைக்க உதவும் ஸ்பை-2 மரபணுத் தொகுதி இயங்குவதற்கு அமிலமும் பாஸ்பேட் பற்றாக்குறையும் மட்டுமே காரணமா, மேக்ரோஃபேஜும் ஏதாவது கூட்டுகிறதா என்று அது சொல்லும்.

இப்போது உன் ரீட் கணக்கு. ஒரு மேக்ரோஃபேஜில் சுமார் 20 பிகோகிராம் ஆர்.என்.ஏ, ஒரு பாக்டீரியாவில் சுமார் 0.1. செல்லுக்குச் சராசரி ஒரு பாக்டீரியா என்றால் மொத்தத்தில் அதன் பங்கு 0.5%. பிரிக்காமல் மொத்த ஆர்.என்.ஏ-வில் 2 கோடி ரீட் எடுத்தால் பாக்டீரியாவுக்கு வருவது ஒரு லட்சம். அதில் 95% ரைபோசோம் ஆர்.என்.ஏ. மீதி 5,000 ரீட், ஏறக்குறைய 4,500 மரபணுக்களுக்கு. ரைபோசோம் ஆர்.என்.ஏ-வை நீக்காமல் இதில் எதையும் சொல்ல முடியாது. நீக்கும்போது இரு தரப்பையும் நீக்கு: பாக்டீரியாவின் 16எஸ், 23எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ மட்டும் போதாது, மேக்ரோஃபேஜின் 18எஸ், 28எஸ், மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டும் சேரவேண்டும். எம்.ஆர்.என்.ஏ-வின் பாலி-ஏ வாலைப் பிடித்துப் பிரிக்கும் கிட்டைத் தொடவே வேண்டாம், அந்த வால் இல்லாத பாக்டீரியா ஆர்.என்.ஏ முழுக்கப் போய்விடும்.

தரம் பார்க்கும்போது மாணவர்கள் ஒன்றைக் கண்டு பதறக்கூடும். சால்மொனெல்லாவின் 23எஸ் இயல்பாகவே துண்டுபட்டது. நடுவில் உள்ள இடைச்செருகலை ஆர்.என்.ஏஸ்-3 என்ற நொதி வெட்டிவிடுகிறது. கருவி தரும் தர எண் அதனால் குறைவாக வரும். நல்ல மாதிரியைக் கொட்டிவிடப் போகிறார்கள், முன்கூட்டியே சொல்லிவை.

டி.என்.ஏ-வை அழிக்கும் டி.என்.ஏஸ் நொதி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. பாக்டீரியா மரபணுக்களில் இன்ட்ரான் (எக்ஸான்களுக்கு இடையே வந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) இல்லாததால், எக்ஸான் சந்திப்பில் பிரைமர் வைத்து டி.என்.ஏ கலப்பைத் தவிர்க்கும் வழி இங்கே கிடையாது. ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாக நகலெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத குழாய் ஒவ்வொரு மாதிரிக்கும் வேண்டும். அது சேர்த்த குழாய்க்கும் சேர்க்காத குழாய்க்கும் இடையே பி.சி.ஆரில் பத்து சுழற்சியாவது வித்தியாசம் இல்லாவிட்டால் மறுபடி டி.என்.ஏஸ். ஆர்.என்.ஏ-வைச் சுத்திகரிக்கும் சாதாரண குழல் (column) 200 நியூக்ளியோடைடுக்குக் குறைந்தவற்றை விட்டுவிடும் என்பதையும் நினைவில் வை. 2016-இல் ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க்கில் ஃபோகல் குழு, பாக்டீரியாவையும் செல்லையும் ஒன்றாகவே வரிசைப்படுத்திக் கண்ட பின்-டி என்ற சிறிய ஆர்.என்.ஏ வெறும் 80 நியூக்ளியோடைடு நீளம். அந்தக் குழலாக இருந்தால் அது கழிவுக் குழாயில் போயிருக்கும்.

இன்னொன்று: உள்ளே போன எல்லா பாக்டீரியாவும் ஒரேமாதிரி நடப்பதில்லை. ஹெலெய்ன், ஹோல்டன் குழு ஒளிர்புரத் தேய்வு முறையில் (பாக்டீரியா பிரியப் பிரிய ஒளி குறைவதை அளந்து) காட்டியதுபோல், சில பெருகும், சில பெருகாமலே உயிரோடு கிடக்கும். உன் சராசரியில் பெருகுபவையின் குரலே ஓங்கும். ஒரு மரபணுவின் அளவில் மாற்றம் சிறிதாகத் தெரிந்தால், எல்லா பாக்டீரியாவிலும் கொஞ்சமா, சிலவற்றில் நிறையவா என்று ஒளிர்புரம் ஏற்றிய பாக்டீரியாவில் பார்த்த பிறகே எழுது.

வரிசைப்படுத்த அனுப்புமுன் க்யூ.பி.சி.ஆரில் (மரபணுவின் அளவை அளக்கும் பி.சி.ஆர்) மூன்றே மரபணுக்கள்: எஸ்எஸ்ஏ-ஜியும் எம்ஜிடி-சியும் ஏறியிருக்க வேண்டும், ஃப்ளி-சி இறங்கியிருக்க வேண்டும். 16எஸ்-ஐ மட்டும் வைத்துச் சமன் செய்யாதே, வளர்ச்சி வேகத்தோடு அதுவும் மாறும். ஜைர்-பி, ஆர்பிஓ-டி மரபணுக்கள் இரண்டையும் சேர்த்துப் பார். தொற்றுக்கு 4 மணி நேரம், 8 மணி நேரம் கழித்து எடுத்த மாதிரிகளின் எண்கள் வந்ததும் அனுப்பு. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத குழாய்களின் எண்களையும் சேர்த்து அனுப்பு, முதலில் அவற்றைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
உன் தோழி