வடக்கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

நான் மது அருந்துவதை நிறுத்தி இந்த மாதத்தோடு மூன்று ஆண்டுகள் நிறைகின்றன. எனக்கு உதவியவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நேரில் சொல்லப் போன இரண்டு மூன்று தடவையும் தொண்டை அடைத்துக்கொள்ள, "சௌக்கியமா இருக்கீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நிலம் அளக்கும் குறுவட்ட அளவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கருவேலம் புதருக்குள் புதைந்து கிடக்கும் எல்லைக் கல்லைக் குனிந்து தேடித் தேடி, முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் நான்காம், ஐந்தாம் கண்ணிகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி, வலது பிட்டத்திலிருந்து குதிகால் வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்துக் கட்டியது போன்ற வலி வந்தது. இரவில் ஒரு குவார்ட்டர் போட்டால் அந்த வலி மங்கியது என்பது பொய்யில்லை. மது வலியை மட்டுப்படுத்தக்கூடியதுதான். ஆனால் அதே பலன் கிடைக்க நாளடைவில் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நான் பதினோரு ஆண்டுகள் கூட்டிக்கொண்டே போனேன். வலிக்காகக் குடிக்கிறேன், கவலைக்காகக் குடிக்கிறேன் என்று நான் சொன்னதை உறவினர்கள் சாக்கு என்றார்கள். நான் சொன்னதும் முழு உண்மையில்லை, அவர்கள் சொன்னதும் முழு உண்மையில்லை என்று எனக்கு முதன்முதலில் விளக்கியவர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் என்னைப் பார்த்த மருத்துவர். என் முதல் நன்றி அவருக்கு.

அவர் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் வடம் இழுக்கும் போட்டியைப் படமாக வரைந்தார். ஒரு பக்கம் நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் காபா என்ற மூளை வேதிப்பொருள், எதிர்ப்பக்கம் அவற்றைத் தூண்டிவிடும் குளூட்டமேட். மது உள்ளே போகும்போது காபாவின் பக்கம் கூடுதலாக ஓர் ஆள் சேர்ந்தாற்போலாகிறது, குளூட்டமேட்டின் கை தளர்கிறது; அதனால்தான் உடம்பு இளகி மனம் அமைதியாகிறது. மூளை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. நாள்தோறும் இப்படி நடந்தால், காபாவுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொண்டு, குளூட்டமேட்டை வாங்கும் ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டு சமநிலைக்கு வந்துவிடுகிறது. அந்த நிலையில் ஒரு நாள் திடீரென்று குடியை நிறுத்தினால், கயிற்றின் ஒரு முனையில் இருந்த ஆள் கையை விட்டாற்போல மறுபக்கம் மொத்தமாகச் சாய்கிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு எல்லாம் அந்தச் சாய்வின் விளைவுகள்தான் என்றார். "நீங்க நெஞ்சுரம் இல்லாதவர்னு நினைக்காதீங்க, உங்க மூளை கணக்கைச் சரியாப் போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்று அவர் சொன்னபோது, கணக்கோடே வாழ்ந்த எனக்கு அது உடனே பிடிபட்டது.

அதற்கு ஓராண்டு முன்பு நானாகவே வீட்டில் குடியை நிறுத்திப் பார்த்தவன். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. தூக்கிக்கொண்டு போன இடத்தில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, இனிமேல் குடிக்காதீர்கள் என்று சொல்லி மாலையில் அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு காலமாக, எவ்வளவு குடிக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று இரவே மீண்டும் குடித்தேன், நடுக்கம் நின்றது. மருந்து என்று நான் நம்பிய பொருள் தான் உண்டாக்கிய நோயைத் தானே சில மணி நேரம் ஆற்றிக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆகவே இம்முறை உள்நோயாளியாகச் சேர்ந்த மூன்றாம் நாள் இரவில் பணியில் இருந்த செவிலியரை எப்படி மறப்பேன்? போர்வை முழுக்கக் கட்டெறும்பு ஊர்வதைக் கண்டு நான் கத்தினேன். எறும்பே இல்லை என்று அவர் என்னோடு வாதாடவில்லை. போர்வையை எடுத்து உதறி மடித்து வைத்தார், விளக்கை அணைக்காமல் விட்டார், "அண்ணே, இது ஆஸ்பத்திரி, மணி ரெண்டேகால், நான் இங்கதான் இருக்கேன்" என்றார். நாடியையும் நடுக்கத்தையும் பார்த்துப் பார்த்து, மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தபடி காபாவின் கைக்கு வலுச் சேர்க்கும் மாத்திரையைத் தந்துகொண்டே இருந்தார். காலியாகிவிட்ட கயிற்று முனையை அந்த மாத்திரை சில நாள்கள் பிடித்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. குளுக்கோஸுக்கு முன்பாகத் தயமின் ஊசி போட்டாயிற்றா என்று அவர் இரண்டு முறை சரிபார்த்ததை அரைமயக்கத்தில் கேட்டேன். நெடுநாள் குடித்தவர்களுக்கு அந்த பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும், கவனிக்காமல் விட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகப் பாழாகலாம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். முப்பது ஆண்டுக்கு முன் அளந்த புல எண்களை இன்றும் என்னால் மனத்திலிருந்து சொல்ல முடிகிறதென்றால், அதில் அந்த ஊசிக்கும் பங்குண்டு என்று நம்புகிறேன்.

இரண்டாம் வாரம்தான் உண்மையான சோதனை. நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் கால்வலி முன் எப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியது. மருத்துவமனைக்கு வந்து வலி கூடியதுதான் மிச்சம் என்று பையைக் கட்டிவிட்டேன். மருத்துவர் வந்து, கட்டிய பைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதே சீட்டில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு பாதாம் பருப்பை வரைந்தார். மூளையில் பாதாம் வடிவில் உள்ள அமிக்டலா என்ற பகுதியின் நடுக்கருவில்தான் தண்டுவடத்திலிருந்து ஏறிவரும் வலிச் செய்தியும், அச்சமும் மன அழுத்தமும் வந்து சேர்கின்றன. சி.ஆர்.எஃப். என்ற அழுத்தச் சமிக்ஞை அங்கே வேலை செய்கிறது. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் வைலி வேலும் அவருடைய குழுவினரும் செம்மறியாட்டின் மூளைப் பகுதியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1981-இல் வெளியிட்டார்கள். பல ஆண்டுக் குடி இந்தச் சமிக்ஞையை முறுக்கேற்றி வைத்துவிடுகிறது. மனத்தைக் கசப்பாக்கும் டைனார்பின் என்ற இன்னொரு பொருளும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. குடி நின்றதும் இவை தறிகெட்டு எழுவதால் வலியும் எரிச்சலும் பதற்றமும் ஒருசேரக் கூடுகின்றன. தொடக்கத்தில் சுகத்துக்காகக் குடித்தவன் பிற்பாடு இந்த வேதனையிலிருந்து தப்பவே குடிக்கிறான். ஜார்ஜ் கூப் என்ற அமெரிக்க ஆய்வாளர் நெடுங்காலமாக வலியுறுத்திவருவது இதைத்தான் என்றும் சொன்னார்.

என் தொழில் புத்திக்கு அது ஒரு கூட்டுப் பட்டாவாகத் தோன்றியது. வலி, கவலை, குடிவேட்கை மூன்றும் ஒரே நிலத்தில் பாத்தியம் கொண்டாடுகின்றன; ஒருவரை மட்டும் தனியாகக் காலி செய்ய முடியாது. நான் இப்படிச் சொன்னதும் மருத்துவர் சிரித்துவிட்டு, "அப்ப உட்பிரிவு பண்ணக் கொஞ்ச நாள் ஆகும், இருங்க" என்றார். பையை அவிழ்த்தேன்.

சி.ஆர்.எஃப். சமிக்ஞையை அடைக்க மருந்து இல்லையா என்று கேட்டேன். எலிகளில் நன்றாகப் பலித்தது, மனிதர்களிடம் சோதித்தபோது குடிவேட்கையைக் குறைக்கவில்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னதற்கும் நன்றி. பலிக்காததைப் பலிக்கவில்லை என்று சொன்னதால், மற்றவற்றில் அவர் சொன்னதை நம்ப எனக்கு எளிதாக இருந்தது.

என்னிடமிருந்த மாத்திரை அட்டைகள் அத்தனையையும் மேசைமேல் கொட்டச் சொன்னவரும் அவரே. அதில் டிராமடால் என்ற அபின்வகை வலிமருந்து இருந்தது. ஒரு மருந்துக் கடையில் சீட்டில்லாமலே வாங்கிக்கொண்டிருந்தேன். வலிப்பு வரும் வாய்ப்பை அது கூட்டும் என்பதோடு, குடியை விட உதவ அவர் தரவிருந்த நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்துக்கும் அதற்கும் ஒத்துவராது. நம் மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள் உண்டு. அவற்றில் என்கெஃபாலினை ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து கண்டுபிடித்து 1975-இல் அறிவித்தார்கள். மது அருந்தும்போது கிடைக்கும் சுகத்தில் இப்பொருள்களுக்குப் பெரும் பங்குண்டு. நால்ட்ரெக்ஸோன் அவை வந்து தட்டும் கதவை அடைத்து வைக்கிறது, அதனால் குடித்தாலும் பழைய சுகம் ஏறுவதில்லை. டிராமடாலும் அதே கதவைத்தான் தட்டுகிறது. ஆகவே அதை நிறுத்திப் பத்து நாள்கள் பொறுத்து, ஈரல் பரிசோதனையும் செய்த பிறகே, நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தொடங்கினார். அமெரிக்காவில் 1994-லேயே மது அடிமைநிலைக்கு ஒப்புதல் பெற்ற மருந்து இது. அதன் பெயரைக்கூட அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. இப்போது என் சட்டைப் பையில், நான் நால்ட்ரெக்ஸோன் உட்கொள்கிறேன் என்று எழுதிய அட்டை இருக்கிறது. விபத்தில் சிக்கினால் எனக்கு அபின்வகை வலிமருந்து வழக்கம்போல் கேட்காது என்பதை மருத்துவர்கள் அறிய வேண்டும் அல்லவா?

வலியைக் கவனித்தவர் இயன்முறை மருத்துவர். மூளையிலிருந்து தண்டுவடத்துக்குக் கீழிறங்கி வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதை ஒன்று உண்டு, உடற்பயிற்சியும் அதற்கு உதவுகிறது என்று சொல்லிச் சொல்லியே, முதல் வாரம் படுக்கையில் முழங்காலை மடக்க மறுத்த என்னை மூன்றாம் மாதம் நான்கு கிலோமீட்டர் நடக்க வைத்தார். இரவில் எடுத்துக்கொள்ளும் சிற்றளவு அமிட்ரிப்டிலின் மாத்திரையும் அதே பாதைக்குத் துணை என்றார்கள். வலி முழுவதும் போய்விடவில்லை. அதோடு வேலை செய்ய முடிகிறது.

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி அறையொன்றில் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) நண்பர்களுக்கு நன்றி. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியதிலிருந்து தொடங்கிய இயக்கம் அது. பெயர் சொல்லக் கூடாது என்பது அவர்கள் மரபு. இரவு பதினொன்றரை மணிக்கு நான் போன் செய்தபோது, எதற்கு என்று கேட்காமல் டி.வி.எஸ். வண்டியில் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தவருக்குத் தாம் யாரென்று தெரியும்.

என் மனைவியைப் பற்றி ஒன்று மட்டும். குழம்பில் கலந்து கொடுத்தால் குடி தானே நின்றுவிடும் என்று யாரோ ஒருவர் ஒரு பொடியை அவரிடம் விற்க முயன்றார். அப்படிப்பட்ட பொடிகளில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்கலாம். அது மூளையில் எதையும் சரிசெய்வதில்லை. ஈரலில் மது முழுதாக முறிவதைத் தடுத்து, நச்சைத் தேக்குகிறது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடி கைக்கு வந்தும் என் மனைவி அதைக் குழம்பில் போடாமல், பொட்டலத்தோடு அந்தச் செவிலியரிடம் கொண்டுபோய்க் கேட்டார். அதுவே எங்களை மருத்துவமனையில் சேர்த்த வழி. தம்மைப் பற்றி நிறைய எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருப்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

அந்த ஓ.பி. சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. வடக்கயிறும் பாதாம் பருப்பும் மங்கத் தொடங்கியதால், புலப்படம் வைக்கும் கண்ணாடித்தாள் உறையில் போட்டுவைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற குறுவட்ட அளவர் ஒருவர்