ஃபார்மேட் செய்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அலுவலகக் கணினிகளை மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், "விற்பதற்கு முன் ஒருமுறை ஃபார்மேட் செய்துவிட்டால் போதும், கவலை இல்லை" என்று ஒரு வரி. எழுதியவருக்குக் கவலை இல்லாமல் இருக்கலாம். பழைய கணினிகளை வாங்கிப் பழுது பார்த்து விற்கும் எனக்கு இருக்கிறது.

சில நொடிகளில் முடியும் குவிக் ஃபார்மேட்டில் போவது கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல்தான், கோப்புகள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததா? அப்படி ஃபார்மேட் செய்து என்னிடம் வந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தபோது ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு எண்கள், யாரோ ஒரு ஊழியர் விடுப்புக்காக ஸ்கேன் செய்து கொடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை வரை எழுந்து வந்தன. போன் போட்டுச் சொன்னால், "அதான் டெலிட் பண்ணிட்டோமே சார்" என்று வைத்துவிட்டார்கள். சின்ன நிறுவனம், போகட்டும். அமெரிக்க வங்கி மார்கன் ஸ்டான்லி, தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு பொருள் இடமாற்ற நிறுவனத்திடம் பழைய கருவிகளை ஒப்படைத்து, அவை தகவல்களோடு ஏலத்துக்குப் போய், 2022இல் 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் இதே இதழில், டிஸ்க்கை 35 முறை மேலெழுத (பழைய தகவல் மேல் வேறு தகவலை எழுதி அழிக்க) வேண்டும் என்று பயமுறுத்தினீர்கள். அது 1996இல் கணினி ஆய்வாளர் பீட்டர் குட்மன் அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்காகச் சொன்ன கணக்கு, இப்போதைய ஹார்ட் டிஸ்க்குக்கு முழுமையாக ஒருமுறை மேலெழுதினாலே போதும் என்று அப்போதே எழுதினேன். பதில்கூட இல்லை. அன்று 35, இன்று பூஜ்யம். நடுவில் ஒன்று என்ற எண் உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தட்டுப்படவில்லை போலிருக்கிறது.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டியின் கதை வேறு. மேலெழுதினாலும் அதன் உபரி நினைவகச் செல்களில் பழைய தகவல் தங்கிவிடும், காந்தம் வைத்தாலும் பயனில்லை. டிரைவிலேயே இருக்கும் செக்யூர் எரேஸ் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும், அல்லது முதல் நாளே என்கிரிப்ட் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டி) கடைசியில் சாவியை அழிக்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் சிப்போடு தூளாக்க வேண்டியதுதான். அப்புறம், பல ஜெராக்ஸ் மெஷின்களுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் உண்டு. அதைக் கட்டுரையாளர் யோசித்ததாகவே தெரியவில்லை.

அடுத்த இதழில் நாலு வரித் திருத்தம் போடுங்கள், சரியா? இடமில்லை என்று இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள், எஸ்எஸ்டி பத்தியில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகன்