தனியாகக் கடலுக்குப் போகிறவர்களுக்கு வெயிலைப் பற்றியும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடைக்கால ஆழ்கடல் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆசையோடு படித்தேன். இரை, ரீல், நீரோட்டம் எல்லாம் நன்றாக வந்திருந்தன. தனியாகப் போகிறவரை வெயில் என்ன செய்யும் என்பது பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

போன கோடையில் ஒரு நாள், சின்னப் படகில் நான் மட்டும் போயிருந்தேன். விடியும் முன்பே கிளம்பி, கரை மறைந்த பிறகு தூண்டிலை இழுத்துக்கொண்டே ஓட்டினேன். பறவைகள் விழுந்து விழுந்து எழுந்த இடத்தில் இரண்டு சூரை மீன் கிடைத்தன. படகு ஓடும்வரை காற்று படுவதால் வியர்ப்பதே தெரியாது. இன்ஜினை நிறுத்தியதும்தான் வெயில் உறைக்கும். தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் வெயிலைத் தொப்பியும் தடுக்காது.

11 மணி வாக்கில் ஒரு பெரிய மீன் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. புது முள் கட்ட உட்கார்ந்தேன். ஆயிரம் தடவை கட்டிய முடிச்சுதான். இறுக்கும் முன் அதை எச்சிலில் நனைப்போம். இல்லையென்றால் உரசிச் சூடாகி, நரம்பு அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும். வாயில் வைத்தேன், எச்சில் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை கட்டியும் முடிச்சு அவிழ்ந்தது. எத்தனை சுற்று சுற்றினேன் என்பதே நினைவில் நிற்கவில்லை. அப்போதும் அடுத்த மீனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட ஒருவர் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே, "போதும், திரும்பலாம்" என்றிருப்பார். வெயில் முற்றும்போது புத்தி தடுமாறும். தடுமாறுகிற புத்தியை வைத்துக்கொண்டு, அது தடுமாறுகிறது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். தனியாகப் போவதில் எனக்குப் பெரிய பயமே இதுதான், அலைகூட அப்புறம்தான். நல்லவேளையாக அந்த முடிச்சு காட்டிக்கொடுத்தது. தூண்டிலைச் சுருட்டினேன். துண்டைக் கடல்நீரில் நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். கை நிதானத்துக்கு வர அரை மணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் படகைத் திருப்பினேன்.

மீனுக்கு ஐஸ் எடுக்க யாரும் மறப்பதில்லை. சூரை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஆகாத பொருள் உண்டாகும், சமைத்தாலும் அது போகாது என்பது நமக்கெல்லாம் தெரியும். அன்று என் பெட்டி நிறைய ஐஸ் இருந்தது, குடிநீரோ இரண்டே பாட்டில். கடும் வெயிலில் உழைக்கும் உடம்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூடப் போகும். தாகம் எடுத்த பிறகு குடித்து அதை ஈடுகட்ட முடியாது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, தனியாகப் போகிறவருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள் ஐயா. மிதவை அங்கியை உட்காரும் பலகைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போடச் சொல்லுங்கள். இன்ஜினை நிறுத்தும் கயிறு உடம்போடு மாட்டியிருக்க வேண்டும். ஆள் தவறி விழுந்து படகு மட்டும் ஓடிவிட்டால், எப்பேர்ப்பட்ட நீச்சல்காரராலும் அதைப் பிடிக்க முடியாது. படகிலிருந்து பேச உதவும் கையடக்க விஎச்எஃப் ரேடியோ கூடவே இருக்க வேண்டும், ஆபத்துக்கு அழைக்க அதில் 16ஆம் சேனல் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பது கரையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அன்று எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். நான் வந்து சேர்ந்தபோது கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்