நவம்பர் 1: பெங்களூருவில் இருக்கும் நண்பனுக்கு

தக்கலை,
நவம்பர் 9

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இந்தக் கடிதத்தைக்கூட நீ கண்ணைச் சுருக்கி வாசிக்க வேண்டாம், மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேள். இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. ரப்பர் பால்வெட்டு அநேகமாக நின்றுபோச்சு, தோட்டத்துக்குப் போனால் அட்டை ஏறுகிறது. மற்றபடி வீட்டில் எல்லாரும் சுகம்.

நவம்பர் 1 அன்று உங்கள் தெரு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகக் கன்னடக் கொடி பறந்தது என்று எழுதியிருந்தாய். ‘நமக்கும் அதே நாள்தானே மக்கா, ஊரில் என்ன விசேஷம்?’ என்று கேட்டிருந்தாய். அதே நாள்தான். 1956 நவம்பர் 1. மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது கன்னடம் பேசும் பகுதிகள் மைசூரோடு சேர்ந்ததும், ஆந்திரப் பிரதேசமும் கேரளமும் உருவானதும், நம்முடைய நாலு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்துக்கு வந்ததும் ஒரே நாளில். மைசூருக்குக் கர்நாடகம் என்ற பெயர் வந்தது 1973-ல். அதற்கும் இதே தேதியைத்தான் பார்த்து வைத்தார்கள். இங்கே வழக்கம்போல, எல்லைப் போராட்டத்தை நடத்திய நேசமணியின் சிலைக்கு மாலை போட்டார்கள், மேடையில் பேசினார்கள். சாயங்காலம் மழை கொட்டியதில் கூட்டம் கலைந்துவிட்டது.

நான் கொஞ்ச காலமாகவே இந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு படித்து வருகிறேன். பேச ஆள் இல்லை. நீ கேட்டுவிட்டாய், அதனால் எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டப்போகிறேன்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் வந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதி திருநெல்வேலிக்குப் போனது. தேவிகுளம், பீருமேடு, நெய்யாற்றின்கரை கேட்டும் கிடைக்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்கள்மேல் நடந்த துப்பாக்கிச்சூடும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஒன்றை நம் மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்று திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது வடக்கே சிறையில் இருந்தார். சுட்டது தன் கட்சி ஆட்சியின் போலீஸ் என்று தெரிந்ததும், அரசு பதவி விலக வேண்டும் என்று உள்ளேயிருந்தே வற்புறுத்தினார். கட்சி கேட்கவில்லை, கடைசியில் உடைந்தே போனது. நம் ஊர்த் தெருவில் செத்தவர்களுக்காக, நம் மொழி பேசாத மனிதர் தன் கட்சியையே எதிர்த்து நின்றார். நம் பிள்ளைகள் இந்தப் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அன்றைய பிரிவினை எப்படி நடந்தது என்பதைப் பார்க்க நீ திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் போதும். இங்கிருந்து நடந்துபோகிற தூரம். நிலம் தமிழ்நாடு, அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறைக்கு. டிக்கெட் கொடுப்பதும் அவர்கள், கூட வந்து விளக்குவதும் அவர்கள். மந்திரசாலையின் கறுத்த தரை அப்படியே மினுங்குகிறது, பழைய மணிக்கூண்டுக் கடிகாரம் ஓடுகிறது. சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு மாநிலங்கள் ஒரு வீட்டை இத்தனை ஆண்டுகளாக இப்படி வைத்துக் காப்பாற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது. எங்கள் வீட்டு ஆதாரப் பத்திரம்கூட அப்படித்தான் இருக்கிறது. பெட்டியில் இருந்து எடுத்துப் பார்த்தேன்: முழுக்க மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு, மூலையில் திருவிதாங்கூர் சங்கு முத்திரை. எழுதிக் கொடுத்தவரும் தமிழர், வாங்கிய என் தாத்தாவும் தமிழர்.

அதே 1956 நவம்பர் 1-ல் உலகத்தில் வேறென்ன நடந்தது என்று தேடினேன். புடாபெஸ்ட் நகரில் ஹங்கேரியின் பிரதமர் இம்ரே நாகி, தன் நாடு சோவியத் அணியின் வார்சா ஒப்பந்தத்தை விட்டு விலகுகிறது, இனி நடுநிலை நாடு என்று அறிவித்தார். நாகர்கோவிலில் வெடி போட்டுக்கொண்டிருந்த அதே நாள்! நவம்பர் 4-ல் சோவியத் டாங்குகள் நகரத்துக்குள் புகுந்துவிட்டன. 1958-ல் நாகியைத் தூக்கில் போட்டார்கள். எல்லைக்காக நாம் பட்டது சிறிதில்லை. ஆனால் வாங்கியது கையில் நின்றது. அவர்களுக்கு மூன்று நாள்கூட நிற்கவில்லை.

இதற்கு முந்தைய நவம்பர் 1-களில் இரண்டு என்னைத் தூங்கவிடவில்லை.

ஒன்று 1858. கம்பெனி ஆட்சி முடிந்து, ராணி விக்டோரியாவின் பிரகடனத்தை அலகாபாத்தில் கானிங் பிரபு வாசித்த நாள். மத விஷயங்களில் அரசு தலையிடாது என்று அதில் ஒரு வாக்குறுதி. நம் பள்ளிக்கூடத்தில் அதைப் பெரிய பெருந்தன்மையாகத்தான் படித்தோம். தென் திருவிதாங்கூரில் அது என்னவாயிற்று தெரியுமா? இங்கே நாடார் பெண்கள் மேல்துணி போடலாமா என்ற தோள்சீலை வழக்கு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. இனி மிஷனரிகளுக்கும் அவர்களை நம்பியவர்களுக்கும் வெள்ளைக்காரன் துணை கிடையாது என்று மேல்சாதியார் அந்தப் பிரகடனத்துக்குப் பொருள் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டுக் கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் சந்தைக்குப் போன பெண்களின் மேல்துணியைப் பிடித்துக் கிழித்தார்கள். வீடுகளும் ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. மதராஸ் கவர்னர் ட்ரெவெலியன் நெருக்கிய பிறகுதான் மகாராஜா 1859 ஜூலை 26-ல் உத்தரவு போட்டார். அதிலும் முழு மனசு இல்லை. நாடார் பெண்கள் முரட்டுத் துணியால் மீனவ முக்குவப் பெண்களைப்போல உடுத்திக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் கூடாது.

என் அம்மையின் பாட்டிக்கு இதெல்லாம் காதில் விழுந்த கதை இல்லை, சொந்தத் தாய் பட்ட பாடு. எல்லை விழாவில் மாலை போடுகிற அதே நாளில் அந்தப் பெண்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று விழாக் கமிட்டியிடம் கேட்டேன். ‘அது வேற விஷயம் சார்’ என்றார்கள். வேறு விஷயம் இல்லை என்பதுதான் என் கட்சி. நாகர்கோவில் கோர்ட்டில் சாதிக்கொரு இருக்கை, சாதிக்கொரு தண்ணீர்ப் பானை என்று இருந்ததை எதிர்த்த வக்கீல்தானே நேசமணி. அந்தக் கோபம் ஒரே நாளிலா முளைத்தது?

இன்னொன்று 1755, போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன். நம் கடற்கரைக்கும் அந்த ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. சவேரியார் 1541-ல் அங்கிருந்துதான் கப்பல் ஏறினார். 1544 கடைசியில் நம் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த லிஸ்பனில், சகல புனிதர் திருநாள் அன்று, காலை ஒன்பதரை தாண்டிய நேரம். கோயில்களில் ஜனம் நிரம்பிப் பூசை நடக்கிறது, பீடமெங்கும் மெழுகுதிரி. அப்போது பூமி ஆடியது. கல் கூரை விழுந்தது, மெழுகுதிரிகள் சரிந்து தீப்பற்றியது. தப்பியவர்கள் திறந்த இடம் என்று ஆற்றங்கரைத் துறைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கி, அடியில் கிடந்த பழைய கப்பல் துண்டுகளும் சரக்குகளும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அலை திரும்பி வந்தது. தீ நாள்கணக்கில் எரிந்தது. செத்தவர்கள் பல்லாயிரம். அரசர் ஜோசே அதற்குப் பிறகு கல் கட்டடத்துக்குள் படுக்கவே பயந்து, கூடாரத்திலும் மர வீட்டிலும்தான் வாழ்ந்தார்.

இதை வாசிக்கும்போது குளச்சலும் கொட்டில்பாடும் மேலமணக்குடியும் கண்முன் வராமல் இருக்குமா? 2004-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமி. இந்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குக் கொட்டில்பாடு போயிருந்தேன். காற்றில் திரி நிற்கவில்லை. ஒரு பெண் மணலில் குழி பறித்து, சிரட்டையைச் சாய்த்து மறைப்பு வைத்து, அதற்குள் மெழுகுதிரியை நட்டாள். பக்கத்தில் நின்ற சின்னப் பையன் ‘இது யாருக்கு?’ என்று கேட்டான். அவள் வரிசையாகப் பெயர் சொன்னாள், நாலு பெயர். அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே போனவர்கள்.

ஆனால் லிஸ்பனில் எனக்குப் பெரிதாகப் பட்டது அழிவு இல்லை. அதற்குப் பிறகு அமைச்சர் கார்வல்யோ செய்த ஒரு காரியம். பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று அழைக்கப்பட்டவர். நாட்டின் ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் இருந்தது, எந்தப் பக்கம் பலமாக ஆடியது, எத்தனை வீடு விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, கிணறுகளில் தண்ணீர் மாறியதா. பங்குத்தந்தைகள் ஊராரைக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். தெய்வ கோபம் என்று ஊரே பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ‘நீ என்ன பார்த்தாய்?’ என்று சாதாரண ஜனத்தைக் கேட்டது ஓர் அரசு. அந்தப் பதில்கள் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; நில அதிர்வை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

1952-லும் ஒரு நவம்பர் 1 உண்டு. பசிபிக்கில் எனவெட்டாக் பவளத்தீவுகளில் அமெரிக்கா முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்ததில் எலுகெலாப் என்ற தீவே இல்லாமல் போனது. அங்கிருந்த ஜனத்தை 1947-லேயே வேறு தீவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். ஊர் திரும்பியபோது 1980. அவர்களிடம் யாரும் கேள்விப் பட்டியல் கொண்டுபோகவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து அப்படி ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறோம். 1956-ல் விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கிறோம்: அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருந்ததா? யார் வந்து செய்தி சொன்னார்கள்? மலையாளப் பாடம் எப்போது நின்றது? மலையாளம் பேசுகிற பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள்? 1954-ல் யார் வீட்டில் யார் ஒளிந்திருந்தார்கள்? உன் மூத்த அக்கா புதுக்கடையில்தானே வளர்ந்தாள், துப்பாக்கிச்சூட்டின்போது அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாவது இருக்கும். அவள் உன்னோடு இருக்கும்போதே உட்காரவைத்துக் கேள். அவள் பேச்சு எப்படி வருகிறதோ அப்படியே எழுது, திருத்தாதே. ‘எனக்கு என்னடே தெரியும்’ என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தது என்று கேள், அப்புறம் நிறுத்தமாட்டாள். பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

கண் சரியானதும் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். ஐலண்ட் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் பார்த்துப் போடு, அக்காவால் ஏற முடியாது. குழித்துறையில் இறங்கினால் நான் வண்டியோடு நிற்பேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்