போன ஞாயிறு நடந்த சண்டை

மச்சான்,

சுகமா இருப்பாய் எண்டு நினைக்கிறன். அம்மாட முழங்கால் இப்ப பரவாயில்லை, காலமையில கோயிலுக்கு நடந்துதான் போறா. உன்ர மாமியை வெள்ளவத்தை மார்க்கெட்டில கண்டனான், தாடி வைச்சிருக்கிறியாம், படம் அனுப்பு, பாத்திட்டு என்ர தீர்ப்பைச் சொல்லுறன். வேலை வழமை போலத்தான்.

சரி, உதுக்கு எழுதேல்ல நான். போன ஞாயிறு எங்கட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில, ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டிக் கதை விளையாடுற அதே விளையாட்டில, பெரிய சண்டை ஒண்டு, இண்டைக்குப் புதன், இன்னும் வாட்ஸ்அப்பில ஓடிக்கொண்டிருக்கு, எங்களோட விளையாடுற அப்புக்காத்து குரூப்பை விட்டே போட்டான். நீ தொடக்கி வைச்ச வேலை, அதால முழுக்கக் கேக்கத்தான் வேணும்.

நீ போகேக்க ஒரு மேசை. இப்ப மூண்டு. காலி வீதியில டியூட்டரி மேல்மாடியை ஞாயிறு பின்னேரத்தில தாறாங்கள், டெஸ்க்குகளை இழுத்து ஒட்டிப் போட்டு விளையாடுறம், போர்ட்டில கெமிஸ்ட்ரி சேர்ட சமன்பாடு அப்பிடியே நிக்கும், அதில கை வைக்கேலாது. ஆக்கள் கூடினதோட ஒழுங்கா ஒரே ஆக்கள் வாறதில்லை, ஒருத்தனுக்குச் சோதனை, ஒருத்தனுக்குக் கலியாண வீடு, கதையை நடத்துற டிஎம்முக்கே சில கிழமை வேலை. அதால மேசை மாறி மாறி விளையாடுற அட்வென்ச்சரர்ஸ் லீக் மாதிரிச் செய்தம். எல்லா மேசையிலயும் ஒரே அட்வென்ச்சர், அதான் எழுதி வைச்ச ஒரே கதை, ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு லொக் ஷீட், எந்த மேசையில விளையாடினாலும் கிடைச்ச காசு, லெவல், மேஜிக் சாமான் எல்லாம் அந்தத் தாளோட அடுத்த மேசைக்குப் போகும். ஸ்டாட்ஸ், அதான் கேரக்டரின்ர பலம், புத்தி மாதிரி எண்கள், உருட்டுறதில்லை, 27 பொயின்ட் பிரிச்சுப் போடுறது. புத்தகம் வாங்கக் காசில்லாத பெடியளுக்கு 2023ல ஆரும் சும்மா எடுக்கலாம் எண்டு கிரியேட்டிவ் கொமன்ஸில விட்ட எஸ்ஆர்டியை, அடிப்படை ரூல் இருக்கிற ஃபைலை, ஃபோனில இறக்கிக் குடுத்தாச்சு, அது ஒரு பெரிய உதவி.

இனி நடந்ததைக் கேள். நெட்டையன்ர மருமகள் முதல் தடவையா வந்தவள், 14 வயசு. எல்ஃப் விஸார்ட், மந்திரக்காரி ஒண்டு செய்து, ஷீட்டின்ர மூலையில பென்சிலால ஆந்தை ஒண்டு கீறி, அதுக்குப் பேர் கூட வைச்சிருந்தவள். ஹிட் பொயின்ட், அதான் உயிர்க் கணக்கு, 7. டிஎம் எங்கட கம்பஸ் பெடியன், நல்லாச் செய்யிறவன், குரல் மாத்திக் கதைச்சா உனக்கே பயம் பிடிக்கும். குகைக்குள்ள பக்பேர் எண்ட பூதம் வருது, பிள்ளையை அடிக்குது, டிஎம் எல்லாருக்கும் முன்னால உருட்டினவன், 20. கிரிட், அடியின்ர டைஸ் இரட்டிக்கும். பக்பேர் எண்டா 2டி8, எட்டுப் பக்க டைஸ் ரெண்டு, கிரிட் எண்டா 4டி8. நாலு டைஸும் தட்டில விழுந்து 6, 5, 7, 3, அதோட பக்பேரின்ர அடிக்கு எப்பவும் சேருற ரெண்டைக் கூட்டினா 23. உனக்கு விளங்கும், 7 ஹிட் பொயின்டுக்கு 23 எண்டா மிச்சம் 16, அந்த மிச்சம் ஆளின்ர முழு ஹிட் பொயின்டுக்குச் சமனாவோ கூடவாவோ இருந்தா டெத் சேவ், அதான் உயிர் தப்ப உருட்டிப் பாக்கிறது, கூட இல்லை, அந்த இடத்திலயே சாவு. பிள்ளைக்கு விளங்கேல்ல, சிரிச்சுக்கொண்டு டிஎம்மைப் பாக்குது. பெடியன் கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "பொறுங்கோ, நான் பிழையாப் பாத்திட்டன், அது 20 இல்ல, 19" எண்டு சொல்லி 7ஐயும் 3ஐயும் கையில எடுத்துக்கொண்டான். 6ம் 5ம், அதோட அந்த ரெண்டும் சேத்து 13. மிச்சம் 6. ஆள் மயக்கம், சாகேல்ல. ஆனா அந்த இருபது பக்கம் டைஸ் இன்னும் தட்டிலதான் கிடக்கு மச்சான், 20 மேல பாத்தபடி.

அந்த நேரம் பின்னால பிளேன்டீயோட நிண்டவன் ஆர் எண்டு நினைக்கிறாய்? அப்புக்காத்து. அவன்ர ரோக், கள்ளன் கேரக்டர், போன மாதம் வேற மேசையில, இதே குகையில, இதே பக்பேரிட்ட செத்தது. அவனுக்கு ஒருத்தரும் டைஸை எடுக்கேல்ல. லொக் ஷீட்டில சிவப்புப் பேனையால எழுதி மடிச்சு வைச்சவன். சத்தம் போடத் தொடங்கினவன், நெட்டையன் எழும்பி "சின்னப் பிள்ளையோட போட்டி போடுறியோ" எண்டு கேட்டது அதைவிடப் பிழையாப் போச்சு, ஏனெண்டா அப்புக்காத்து கேட்டது பிள்ளையைச் சாகச் சொல்லி இல்லை. "எனக்கும் உங்களுக்கும் ஒரே ரூல் தானே எண்டு சொல்லித்தானே என்னை இதுக்குள்ள சேத்தனீங்கள்" எண்டு கேட்டான். அதுக்கு அந்த மண்டபத்தில ஒருத்தரிட்டயும் பதில் இருக்கேல்ல. பிள்ளை ஷீட்டை மடிச்சு பையுக்குள்ள வைச்சிட்டாள்.

நீ இப்ப என்ன சொல்லுவாய் எண்டு தெரியும். டிஎம் சொல்லுறதுதான் கடைசி, ரூல் எல்லாம் அவருக்குக் கீழ. உன்ர மேசையில அது சரிதான். நீ கதையில அந்த ஒரு கதவுக்கே ரெண்டு மணித்தியாலம் எடுத்தபோது கூட நாங்கள் ஒண்டும் சொல்லேல்ல, ஏனெண்டா அது எங்கட அஞ்சு பேருக்குள்ள. இண்டைக்கு நீ எனக்கு இரக்கம் காட்டினா நாளைக்கு மற்றவனுக்குக் காட்டுவாய், எல்லாரும் பாத்துக்கொண்டுதான் இருந்தம், கணக்கு அங்கயே தீரும். இங்க அப்பிடி இல்லை. ஒரு மேசையில டிஎம் இளகினது மற்ற மேசைக்குத் தாளா வந்து நிக்குது. பக்கத்தில இருக்கிறவனுக்கு அந்த இரக்கம் தெரியாது, அவனுக்குத் தெரியிறது தன்ர ஆள் செத்தது, இன்னொருத்தரிட ஆள் சாகேல்ல எண்டது மட்டும்தான்.

உது புதுப் பிரச்சினையும் இல்லை. 1975ல முதலாவது ஒரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டில, இந்த விளையாட்டைச் செய்த ரெண்டு பேரில ஒருத்தரான கைகாக்ஸ் ஒரே நிலவறையைப் போட்டியாப் பல குழுக்களுக்கு வைச்ச காலத்திலயே இது இருக்கு, ஒரு டிஎம் பொறியைக் கொஞ்சம் லேசாக்கினா மற்றக் குழுவுக்கு அநியாயம். பிறகு 1980ல இதை வெளியிட்ட டிஎஸ்ஆர் கொம்பனி ஆர்பிஜிஏ எண்ட விளையாடுறவையின்ர சங்கத்தைத் தொடங்கி, பிறகு ஒரு கேரக்டரோட ஊர் ஊராப் போய் விளையாடுற கேம்பெயின்கள் வந்து, 2008ல வேற கொம்பனியின்ர பாத்ஃபைண்டர் சொசைட்டி, 2014ல அட்வென்ச்சரர்ஸ் லீக். பாத்ஃபைண்டர் சொசைட்டிக்காரர் இதில சரியான கண்டிப்பு, எழுதினபடி நடத்து எண்டுதான் சொல்லுறாங்கள், மொன்ஸ்டரைக் கூட்டாத, டிசியை, அதான் உருட்டி எட்ட வேண்டிய எண்ணை, மாத்தாத. எனக்கு முந்தி அது விசர்த்தனமாத் தெரிஞ்சது. இப்ப அதுக்குப் பின்னால எத்தனை அப்புக்காத்துமார் இருந்திருப்பாங்கள் எண்டு விளங்குது.

ஆனா அதையும் பிழையாப் பிடிக்கிற ஆக்கள் இருக்கினம். மூண்டாவது மேசையில பெடியள் நல்ல யோசனை ஒண்டு போட்டாங்கள், சண்டை பிடிக்காம, நாங்கள் கூலிக்கு வந்த ஆக்கள் எண்டு சொல்லி பக்பேரிட்டயே வேலை கேட்டு உள்ள போறது. எவ்வளவு வடிவான யோசனை! டிஎம் சொல்லுறார், அட்வென்ச்சரில அப்பிடி எழுதியில்லை, சண்டை தொடங்க இனிஷியேட்டிவ் உருட்டுங்கோ எண்டு. எனக்குச் சரியான கோவம் வந்தது மச்சான். சொசைட்டியின்ர கைடே புது மாதிரி யோசிக்கிற ஆக்களுக்கு இடம் குடு எண்டு சொல்லுது. எழுதாத இடத்துக்குத்தானே டிஎம் எண்டு ஒருத்தர் வேணும், இல்லாட்டி ஃபோனைப் பாத்து விளையாடலாம். டிசி 15 எண்டு வை, கொஞ்சம் நம்பேலாத கதை எண்டா 20 வை, உருட்ட விடு, என்ன நட்டம்?

எனக்கு இந்த மூண்டு நாளா மண்டைக்குள்ள ஓடுறது இதுதான். பெடியனுக்குப் பொய் சொல்லத் தேவையே இருக்கேல்ல. பக்பேர் ஆரை அடிக்கும் எண்டது அவன்ர கையில, முன்னால நிண்ட ஃபைட்டரை அடிச்சிருக்கலாம். அதை விட்டாலும், கைகலப்பு அடியில ஆளை பூச்சியத்துக்குக் கொண்டு வந்தா, அடிச்சவன் அந்த நேரமே கொல்லாம மயக்கத்தோட விடலாம் எண்டு 2014 ரூல் புத்தகத்திலயே இருக்கு. டைஸ் விழுந்தாப் பிறகும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கு. "பக்பேர் உன்னைத் தோளில தூக்கிக்கொண்டு உள்ள போகுது, உயிரோட வித்தாக் காசு கூட" எண்டு சொல்லியிருந்தா பிள்ளைக்கும் பயம் வந்திருக்கும், மற்றவங்களுக்கும் காப்பாத்த ஒரு அலுவல் கிடைச்சிருக்கும், கதையே திறமாப் போயிருக்கும். இருபதைப் பத்தொன்பது எண்டு சொன்னதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு. ஒருக்கா டிஎம் எண்ணை மாத்துவார் எண்டு தெரிஞ்சா பிறகு நல்லது நடந்தாலும் ஆரும் நம்பாயினம், தங்கட கெட்டித்தனத்தால வெண்டதையும் நம்பாயினம்.

மேசைக்கு மேசை மாறுற சின்ன விசயங்களும் கிடக்கு. போஷன், அதான் மருந்து, குடிக்க 2014 ரூலில முழு ஆக்ஷன், அந்த முறைக்குரிய பெரிய வேலை, 2024ல போனஸ் ஆக்ஷன், கூடச் செய்யிற சின்ன வேலை, முதல் மேசை பழசு, ரெண்டாவது புதுசு, ஒரு பெடியன் மேசை மாறி வந்து போஷனைக் குடிச்சிட்டு வாளால வெட்டவும் போக, டிஎம் ஏலாது எண்ட, அவன் போன கிழமை ஏலும் எண்டவை எண்ட... உதுகளை ஒரு தாளில எழுதித் தொடங்க முந்தி வாசிச்சா முடிஞ்சுது. இதுக்குச் சண்டை தேவையில்லை.

வேற ஒண்டு சொல்லவேணும், இதை மற்ற ஆக்களுக்குச் சொல்லாத. ஒரு அட்வென்ச்சரில ஆமிக்காரர் ராவில ஊருக்குள்ள வந்து வீடு வீடாத் தேடுற கட்டம் வருது. எழுதினவனுக்கு அது சும்மா ஒரு கட்டம். எங்கட மேசையில ஒருத்தர், நான் பேர் சொல்லேல்ல, நீ ஊகிப்பாய், வன்னியில இருந்து வந்தவர், டிஎம் கதவு தட்டுற மாதிரி டெஸ்க்கில தட்ட ஆள் அப்பிடியே உறைஞ்சு போனார். நாங்கள் எக்ஸ் கார்ட் வைச்சிருக்கிறம், ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் எண்டவர் செய்து எல்லாருக்கும் சும்மா விட்டது, நடுவில ஒரு அட்டை, ஆரும் தொட்டா அந்தக் கட்டம் போச்சு, ஏன் எண்டு கேக்கிறதில்லை. அவர் தொடவும் இல்லை. டிஎம் தான் முகத்தைப் பாத்து, தானாவே அட்டையில கை வைச்சு, "சரி, விடிஞ்சிட்டுது, நீங்கள் ஆத்தங்கரையில நிக்கிறியள்" எண்டு கதையை மாத்தினவன். எழுதினபடி நடத்தேல்ல. அந்த இடத்தில எழுதினபடி நடத்தியிருந்தா நானே டெஸ்க்கைத் தூக்கியிருப்பன். மேசையைச் சுத்தி இருக்கிற ஆக்களுக்காக டிஎம் எதையும் மாத்தலாம், அதில எனக்கு ரெண்டாவது பேச்சே இல்லை. அதைச் செய்தவன் ஆர் தெரியுமோ? அதே கம்பஸ் பெடியன்தான். அதாலதான் அவனை டிஎம் வேலையை விடச்சொல்லி சிலர் குரூப்பில எழுதேக்க எனக்கு நெஞ்சு வலிச்சது. இப்பிடி ஆக்களைப் பாத்து நடத்துற டிஎம் எங்க கிடைப்பான்?

அதால நான் வாற ஞாயிறு சொல்லப்போறது என்னெண்டா: டைஸ் எல்லாம் வெளியில, விழுந்த எண் விழுந்ததுதான். மொன்ஸ்டர் என்ன நினைக்குது, ஆரை அடிக்குது, கொல்லுதோ பிடிக்குதோ, அது டிஎம்மிட சொந்த அலுவல், ஆரும் கேள்வி கேக்கேலாது. எழுதாத யோசனைக்கு டிசி போட்டு உருட்ட விடோணும். சாவுக்கு, லீக்கின்ர தொடக்க சீசன்களில இருந்த ஒரு வழியை எடுக்கலாம் எண்டு பாக்கிறன். 1இல இருந்து 4 வரை லெவல் ஆள் செத்தா அவன்ர ஃபாக்ஷன், கதையில அவன் சேந்திருக்கிற கூட்டம், செலவு குடுத்து எழுப்பிவிடும், ஆனா அந்த செஷனில கிடைச்ச ஒண்டும் கிடையாது. செத்தவனை எழுப்புற ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 கோல்ட் பெறுமதியான வைரம் வேணும், லெவல் ஒண்டுக்காரனுக்கு அது எங்க? இதை எழுதி வைச்சா இரக்கம் எல்லா மேசையிலயும் ஒரே மாதிரி இருக்கும், டிஎம்மிட மனசைப் பொறுத்து மாறாது. பிள்ளை அண்டைக்குக் கிடைச்சதை விட்டிட்டு எழும்பட்டும், அப்புக்காத்தின்ர ரோக்கும் அதே கணக்கில எழும்பட்டும்.

நெட்டையன் சம்மதம். கம்பஸ் பெடியன் எனக்குத் தனியா ஃபோன் பண்ணி அப்புக்காத்திட்ட தானே கதைக்கிறன் எண்டவன், அது நல்லம். அப்புக்காத்துதான் ஃபோன் எடுக்கிறானில்லை. நீ எடுத்தா எடுப்பான், உன்னில அவனுக்கு அண்டைக்கும் இண்டைக்கும் ஒரு மரியாதை இருக்கு, ஏன் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல. சனிக்கு முந்தி ஒருக்கா எடுத்துக் கதை. அவன் கேட்டது நியாயம் எண்டு நான் சொன்னதாச் சொல்லு, அதை முதல் சொல்லு, பிறகு மிச்சத்தைச் சொல்லு.

மற்றது, அந்த ஃபாக்ஷன் வழியை நீங்கள் அங்க கடையில விளையாடேக்க ஆரும் பயன்படுத்தினவையோ, அதால ஆக்கள் பயமில்லாம கண்டபடி ஓடிப்போய் விழுந்தினமோ எண்டு எழுது. அந்த ஒரு விசயம்தான் எனக்கு இன்னும் யோசனையாக் கிடக்கு. மாமி டிசம்பரில அங்க வந்திட்டுத் திரும்பேக்க டைஸ் ரெண்டு செட் குடுத்து விடு, பிள்ளைக்கு ஒண்டு, பச்சை நிறம் கேட்டவள். தாடிப் படத்தை மறக்காத.

உன்ர மச்சான்