செயலாளரின் ஆண்டறிக்கை 2024: நம் பிள்ளைகளின் வாசிப்பும் எழுத்தும்

தலைவர் அவர்களே, அதிபர்களே, ஆசிரியர்களே, தோட்டப் பிரிவுகளிலிருந்து வந்திருக்கும் தாய்மாரே, தந்தைமாரே, பழைய மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள தேயிலைத் தோட்டங்களின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்காக இயங்கும் நமது சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். நிர்வாகக் குழு வழக்கம்போல மாதச் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் கூடியது. ஜூன், ஜூலை மழையில் கூட்டங்களுக்கு ஆள் குறைந்தது. கணக்குகளைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு நேராக வருகிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "தவணைப் பரீட்சையில் என் பிள்ளைக்கு நல்ல புள்ளிதான். ஆனால் கடையில் வாங்கி வந்த பிஸ்கட் பெட்டியில் இருக்கும் பெயரை வாசி என்றால் முழிக்கிறது. புள்ளி பொய்யா, பிள்ளை பொய்யா?" என்று கேட்டார். அன்று யாரிடமும் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த ஆண்டு முழுவதும் நாம் வேலையாக எடுத்துக்கொண்டோம். தரம் 2 முதல் தரம் 5 வரையான பிள்ளைகள் ஒவ்வொருவரும் வாசிப்பதைத் தனித்தனியாக உட்கார்ந்து கேட்பது என்று தீர்மானித்தோம்.

புள்ளி பொய் இல்லை. அது வேறு ஒன்றை அளக்கிறது. சிறு வகுப்புகளில் வினாவை ஆசிரியரே வாசித்துச் சொல்கிறார். பாடநூலில் உள்ள பகுதியே பரீட்சையிலும் வருகிறது. நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் நன்றாக வரும். ஒரு பாடத்தை வகுப்பே சேர்ந்து பத்து நாள் உரத்துச் சொன்னால், எழுத்துத் தெரியாத பிள்ளையும் பதினோராம் நாள் அதைத் தனியாகச் சொல்லிவிடும். புத்தகம் திறந்திருக்கும், வாய் சரியாகச் சொல்லும், விரல் மட்டும் வேறு வரியில் இருக்கும். எழுத்து விஷயத்திலும் இப்படித்தான். கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதும் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே பிள்ளையிடம் அது எழுதிய வரியை வாசிக்கச் சொன்னால்தான் நிலைமை தெரியும். பார்த்து எழுதுவது கையின் திறமை. அதை எழுத்தறிவு என்று எண்ணி நாம் பல ஆண்டுகள் மகிழ்ந்திருக்கிறோம்.

அதனால் பாடநூலை ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் முன்பு பார்த்திராத பத்திகளை எழுதுவதிலிருந்து தொடங்கினோம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று நம் பாடசாலைகளில் கற்பிக்கும் இளம் ஆசிரியைகள் இந்த வேலையை ஏற்றுக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும் இடம், லயத்து வரிசை வீட்டுக் கோழி, பஸ்ஸில் கந்தப்பளைக்குப் போன அம்மாயி என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயங்களையே தெரியாத வரிகளில் எழுதினார்கள். முன்மாதிரி இல்லாமலும் இல்லை. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பில், வீடு வீடாகப் போய் ஒரே ஒரு தாளை வைத்துப் பிள்ளையின் வாசிப்பைப் பார்க்கிறார்கள். எழுத்து, சொல், முதலாம் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று அந்தத் தாளில் நான்கு படிகள் உண்டு. எழுத்தே தெரியாத பிள்ளையையும் சேர்த்தால் ஐந்து நிலை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது மட்டுமே கேள்வி. அந்த ஒழுங்கை நாம் அப்படியே பின்பற்றினோம்.

கேட்கும் இடத்தில் கண்டிப்பாக இருந்தோம். வகுப்பின் முன்னால் எழுப்பி வாசிக்கவிடவில்லை. மற்றப் பிள்ளைகளின் காதுக்கு எட்டாத ஒரு மூலையில், ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை. வாசிக்கும்போது நடுவில் திருத்துவதில்லை. ஆசிரியரிடம் அதே பத்தியின் பிரதி இருக்கும். சரியாக வாசித்த சொல்லுக்கு மேல் ஒரு கோடு, விட்ட சொல்லுக்கு ஒரு வட்டம், மாற்றி வாசித்தால் பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே மேலே எழுதிவிடுவது. இப்படிக் குறித்துக்கொள்ளும் முறையைப் பரப்பியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் மேரி கிளே. அவர் வழியில் 100 சொற்களுக்கு 5 பிழைவரை வந்தால் அந்தப் பகுதி பிள்ளைக்கு எளிது, தனியாக வாசிக்க விடலாம். 6 முதல் 10 வரை என்றால் ஆசிரியர் துணையோடு வாசிக்கத் தகுந்தது. 10 பிழைக்கு மேல் போனால் அந்தப் பத்தி அந்தப் பிள்ளைக்கு இன்னும் கடினம், கீழ்ப்படிக்கு வர வேண்டும். பிள்ளை தானே நின்று, திரும்பி, திருத்தி வாசித்தால் அது பிழைக் கணக்கில் சேராது. அது நல்ல அறிகுறி, தான் வாசிப்பது பொருந்துகிறதா என்று பிள்ளை கவனிக்கிறது என்று அர்த்தம்.

மணிக்கூடு வைத்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று பார்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. தமிழில் "போய்க்கொண்டிருந்தவர்களுக்கு" என்பதும் ஒரு சொல், "பூ" என்பதும் ஒரு சொல். வேறு மொழிப் பிள்ளைகளுக்குப் போட்ட வேகக் கணக்கைக் கொண்டுவந்து நம் பிள்ளைகளை ஓடவிடுவது நியாயமில்லை. தவிர, மணிக்கூட்டைக் கண்டால் பயந்த பிள்ளை இன்னும் திக்கும்.

சரி, என்ன கண்டோம்? எழுத்துகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளில் பலருக்கு அவற்றை வரிசை கலைத்துக் காட்டினால் தெரியவில்லை. அதிலும் அகரம், ஆகாரம் சார்ந்தவை பரவாயில்லை. சிக்கல் கொம்பில் தொடங்குகிறது. ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் முன்னால் நிற்கிறது. "கொ"வில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு அரவு, அதாவது கால். பிள்ளை முதலில் "கெ" என்று பிடித்துக்கொண்டு, அப்புறம் அரவைப் பார்த்துத் தடுமாறுகிறது. அடுத்தது உகர வரிசை. கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றுக்கும் வால் ஒவ்வொரு மாதிரி. ஒன்றைத் தெரிந்தால் மற்றது தானாக வராது. 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்த 216 உயிர்மெய்களையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வைப்பதை விட, இந்த இரண்டு இடத்திலும் நின்று நிதானமாகக் கற்பித்தால் பாதிப் பிள்ளைகளின் தடை நீங்கும் என்பது ஆசிரியர்களின் கருத்து. என் கருத்தும் அதுவே. மூன்றாவது சிக்கல், மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி. "பட்டம்" என்பதைப் "படம்" என்று வாசித்துவிட்டு, வரியின் பொருள் கெட்டுப்போனதைக் கவனிக்காமல் பிள்ளை கடந்து போகிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்களைப் பரீட்சைகள் கண்டுபிடிப்பதே இல்லை. இவர்கள் பிழையில்லாமல், குரல் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார்கள். முடித்ததும் புத்தகத்தை மூடி, "என்ன நடந்தது, சொல்லு" என்றால் ஒன்றும் வராது. வாசிப்பு என்றால் சத்தம் போடுவது என்று அந்தப் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். வாசித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லவைத்த பிறகே மட்டத்தை எழுதுவது என்ற விதியை அதனால்தான் ஆண்டின் நடுவில் சேர்த்தோம்.

எழுத்துக்கு இரண்டு வேலை கொடுத்தோம். ஒன்று சொல்வதெழுதல். மற்றது, ஒரு படத்தைக் காட்டி விரும்பியதை எழுதச் சொல்வது. படத்துக்கு எழுதிய கொப்பிகளை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. "மழ வந்துச்சு, ரோடு ஒடஞ்சு போச்சு, அப்பா வேலைக்கு போகல" என்று ஒரு தரம் 3 பிள்ளை எழுதியிருந்தது. இதில் சிவப்புப் பேனாவுக்கு வேலை நிறைய உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை தான் பேசுவதை எழுத்தில் பிடித்திருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று காரியத்தைச் சொல்லியிருக்கிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதிய அழகான பத்து வரியை விட இது மேலான எழுத்து. பேச்சு நடையை எழுத்து நடைக்குக் கொண்டுவருவது அடுத்த படி. அதை முதல் படியிலேயே கேட்டால் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிடும். "மழை"யை "மலை" என்று எழுதுவதும் இந்த வகைதான். நம் ஊரில் பெரியவர்களின் வாயிலும் அந்த இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால், அதைக் காதால் திருத்த முடியாது. நிறைய வாசித்துக் கண்ணால் பழக வேண்டும்.

கண்டறிந்ததோடு நிறுத்தினால் பயனில்லை. பாடசாலை விட்ட பிறகு ஒரு மணி நேரம், தரத்தை மறந்து மட்டப்படி பிள்ளைகளை உட்கார வைத்தோம். எழுத்து மட்டத்தில் தரம் 2 பிள்ளையும் இருந்தது, தரம் 4 பிள்ளையும் இருந்தது. பெரிய பிள்ளைக்குக் கூச்சம் வரும் என்று பயந்தோம். அதற்காகக் குழுக்களுக்கு மட்டத்தின் பெயரை வைக்காமல் பறவைகளின் பெயரை வைத்தோம். ஒரே அறையில் இரண்டு மூன்று தரங்களைப் பார்க்கும் சிறு பாடசாலைகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தியது. மாதமுடிவில் மறுபடியும் கேட்டு, ஏறிய பிள்ளையை அடுத்த குழுவுக்கு மாற்றினோம். சில பிள்ளைகள் வேகமாக ஏறினார்கள். சிலர் அதே இடத்தில் நின்றார்கள். அப்படி நின்றவர்களில் இருவருக்குக் கண்பார்வைக் குறை இருந்தது ஆசிரியர்களின் கவனத்தில்தான் பட்டது. அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் செலவைச் சங்கம் ஏற்றது.

பெற்றோரிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "எங்களுக்கே வாசிக்கத் தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று பலர் தயங்கினீர்கள். அது உங்கள் குறை இல்லை. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நம் அப்பாயிமாருக்கும் அம்மாயிமாருக்கும் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனது அப்படித்தான். ஆனால் வாசிக்கத் தெரியாதவராலும் பிள்ளைக்கு உதவ முடியும் என்பதை இந்த ஆண்டு பார்த்தோம். அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள். முடிந்ததும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை கதையைச் சொல்லத் திணறினால் அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். கொழுந்து மலையிலிருந்து களைத்து வந்த பிறகும் இதைச் செய்த தாய்மாருக்குச் சங்கத்தின் நன்றி.

தரம் 5 பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. தரம் 5 பெற்றோர் சிலர், மாலை நேரம் முழுவதையும் வினாத்தாள் பயிற்சிக்கே தர வேண்டும் என்றார்கள். 2024 செப்டெம்பர் 15 அன்று நடந்த பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், முடிவுகள் 2025 ஜனவரிக்குத் தள்ளிப்போனதில் பிள்ளைகளும் பெற்றோரும் பட்ட அவதி எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: வினாவை வாசித்து விளங்காத பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் எத்தனை கொடுத்தும் பயனில்லை, கணக்குக்கூட அங்கே வாசிப்பாகத்தான் வருகிறது. 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 ஒரு முதன்மை நிலை, 3, 4 அடுத்தது, 5 மூன்றாவது என்று பிரித்து, ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளைக்கு இருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை வகுத்தது. வகுப்பறையிலேயே கணிப்பீடு செய்து குறையை அந்தந்த நிலையில் தீர்ப்பதே அதன் நோக்கம். தரம் 5க்கு வந்த பிறகு அவசரப்படுவதில் அந்த நோக்கம் காணாமல் போகிறது.

எந்த மட்டத்தில் எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணிக்கையை இந்த அறிக்கையில் சேர்க்கவில்லை. நம்முடையவை சிறிய பாடசாலைகள், எண்ணைச் சொன்னால் பிள்ளை யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பதிவுக் கொப்பிகள் வகுப்பாசிரியரிடம் இருக்கின்றன. தன் பிள்ளையின் பக்கத்தைப் பார்க்கப் பெற்றோருக்கு எப்போதும் உரிமை உண்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் பக்கத்தைப் பார்க்க இல்லை.

நூல் சேகரிப்பில் கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் தாராளமாக உதவினார்கள். வாசிகசாலைக் கூரை ஒழுகுவது இன்னும் சரியாகவில்லை, புத்தகப் பெட்டியை இப்போதைக்குக் கோயில் அறையில் வைத்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டுக்காகக் குழு இரண்டு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. தரம் 1 பிள்ளைகளையும் மூன்றாம் தவணையிலிருந்து கேட்பது ஒன்று. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதுவும் மனப்பாடமாகிவிடும் என்பதால் ஒவ்வொரு தவணைக்கும் புதிய பத்திகள் எழுதுவது மற்றது. எழுத விருப்பமுள்ளவர்கள், தோட்டத்துக் கதைகள் தெரிந்த பெரியவர்கள் உட்பட, கூட்டம் முடிவதற்குள் உப செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். இந்த அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்