ஷின்சென்குமி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து காலையில் வாய்க்கால் கரை வரை நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாத்திரையை மட்டும் உன் இஷ்டத்துக்கு நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் பகல் முழுக்க எனக்கு ரயிலும் புத்தகமும்தான் துணை. குளிர் இன்னும் விடவில்லை.

சரி, உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அனிமேயில் ஷின்சென்குமியை, அதாவது பழைய ஜப்பானில் கியோட்டோ நகரைக் காத்த வாள்வீரர் படையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்களும் போலீஸ், அவங்களும் போலீஸ். அவங்க நல்லவங்களா, கெட்டவங்களா?" என்று கேட்டானாமே. நீ பதில் சொல்லாமல் எனக்குத் தள்ளிவிட்டாய். நானும் கொஞ்ச நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கியோட்டோவுக்குப் போனபோது அவர்கள் தங்கிய மிபு பகுதியையும் சுற்றிப் பார்த்தேன். அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ விரிகுடாவுக்குள் வந்தன. பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவர்தான் ஷோகன். அவருடைய அரசு மிரண்டுபோய் ஒவ்வொரு ஒப்பந்தமாகக் கையெழுத்துப் போட்டது. பேரரசரை முன்னிறுத்து, வெளிநாட்டானை விரட்டு என்று இளம் சாமுராய்கள் கொதித்தார்கள். 1860இல் ஷோகன் அரசின் தலைமை அமைச்சர் ஈ நவோசுக்கேயை எடோ கோட்டை வாசலிலேயே, பனி பெய்த ஒரு காலையில் வெட்டிக் கொன்றார்கள். அதன் பிறகு கொலைகள் பேரரசர் இருந்த கியோட்டோவுக்கு நகர்ந்தன. அரசுக்கு வேலை பார்த்தவர்களின் தலைகளைக் காமோ ஆற்றங்கரையில் வைத்துவிட்டு, இது வானத்தின் தண்டனை என்று பலகை எழுதி நட்டார்கள். பழைய காலத்து ஷோகன்களின் மரச்சிலைகளுக்குக்கூடத் தலை வெட்டி அதே ஆற்றங்கரையில் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

அந்த ஊரில் போலீஸே இல்லையா என்று நீ கேட்பாய். இருந்தது. நகர நீதிபதி, அவருக்குக் கீழே ஆட்கள், துப்புக் கொடுப்பவர்கள் என்று ஒரு முழு ஏற்பாடு நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவர்களுடைய அதிகாரமெல்லாம் வணிகர், கைவினைஞர் மீதுதான். ஒரு சாமுராயை விசாரிக்க வேண்டியது அவனுடைய பிரபு. ஷோகனை எதிர்த்த சோஷு பிரதேசத்தாரின் மாளிகைக்குள் கொலைகாரன் ஓடிப் புகுந்துவிட்டால் நகரக் காவலன் வாசலோடு நின்றுவிட வேண்டியதுதான். கத்தி பிடித்தவனை அடக்கக் கத்தி பிடித்த இன்னொருவன் வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. 1862இல் அய்ஸு பிரதேசத்தின் இளம் பிரபு மட்சுதைரா கதமோரியைக் கியோட்டோவின் பாதுகாவலராக ஷோகன் அரசு நியமித்தது. இது அழிவில் முடியும், ஏற்காதீர்கள் என்று அவருடைய மூத்த அலுவலர்களே தடுத்தார்கள். அவர் ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஷோகனே கியோட்டோவுக்கு வந்தார். 1634க்குப் பிறகு ஒரு ஷோகன் அங்கே காலெடுத்து வைத்தது அப்போதுதான். அவருக்கு முன்னால் போய்ப் பாதுகாப்புக் கொடுக்க, பிரபு இல்லாத சாமுராய்களையும் வாள் வீசத் தெரிந்த மற்றவர்களையும் திரட்டினார்கள். இருநூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பிறப்பு கேட்கவில்லை, பழைய குற்றம் கேட்கவில்லை. திட்டத்தைப் போட்டுக் கொடுத்த கியொகாவா ஹச்சிரோ, கியோட்டோ போய்ச் சேர்ந்ததும் நாம் பேரரசரின் படை என்று மாற்றிப் பேச, பதறிய அரசு எல்லோரையும் எடோவுக்குத் திருப்பி அழைத்தது. போகமாட்டோம், ஷோகனைக் காக்கத்தான் வந்தோம் என்று மிபு கிராமத்து வீடுகளில் தங்கிவிட்ட இருபது சொச்சம் பேர்தான் பிறகு ஷின்சென்குமி ஆனார்கள்.

இவர்களில் முக்கியமானவர்கள் யார் என்று பார்த்தபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பே வந்தது. தலைவர் கோண்டோ இசாமி, எடோவுக்கு மேற்கே தாமா பகுதியில் ஒரு விவசாயியின் மகன். வாள் பயிற்சிக்கூடம் நடத்தியவர் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். துணைத் தலைவர் ஹிஜிகாட்டா தோஷிசோவும் அதே தாமா பகுதி, ஹினோ பக்கத்துக்காரர், அவரும் விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் அடிபட்ட வீக்கத்துக்கும் சுளுக்குக்கும் ஒரு பொடி தயாரித்தார்கள். கோடையில் குறிப்பிட்ட ஒரு நாளில் ஆற்றங்கரைச் செடியைப் பறித்து, காயவைத்து, கருக்கி இடித்த பொடி. சூடான சாக்கேயில், அதாவது அரிசி மதுவில் கலந்து குடிக்க வேண்டும். இளவயதில் ஹிஜிகாட்டா அதை ஊர் ஊராகச் சுமந்து விற்றுக்கொண்டே, போகிற ஊரிலெல்லாம் பயிற்சிக்கூடங்களில் வாள் பழகினார் என்கிறார்கள். தாமா கிராமங்கள் எந்தப் பிரபுவுக்கும் கீழே இல்லாமல் நேரடியாக ஷோகனுக்கு உட்பட்டவை. அந்த மக்களுக்கு ஷோகன்மீது இருந்த பற்று பல சாமுராய்களுக்கே இருந்திருக்காது.

ஆக, இவர்கள் சாமுராயாகப் பிறந்தவர்கள் இல்லை, ஆக ஆசைப்பட்டவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்ற எல்லாம் விளங்குகிறது என்பது என் எண்ணம். 1864இல் ஷோகன் அரசு கியோட்டோவுக்கு மிமவாரிகுமி என்று இன்னொரு காவல் படையை அமைத்தது. அதில் இருந்தவர்கள் ஷோகனின் நேரடி ஊழியர் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு அரண்மனையையும் நிஜோ கோட்டையையும் சுற்றிய பகுதிகள். ஷின்சென்குமிக்கோ கிடைத்தது கியோன் மாதிரியான கேளிக்கைத் தெருக்களும் சத்திரங்களும். டூட்டி போடுவதில்கூடப் பிறப்பு பார்த்திருக்கிறார்கள். உனக்கு இதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

பிறப்பு இல்லாதவர்கள் ஒழுங்கில் கெட்டியாக இருந்தார்கள், பயங்கரமாக என்றுதான் சொல்ல வேண்டும். படையை விட்டு ஓடினால் சாவு. தன் இஷ்டத்துக்குப் பணம் திரட்டினால் சாவு. கணக்குப் பார்த்த காவாய் கிசாபுரோ, ஒரு அரிசி வியாபாரியின் மகன். பெட்டியில் ஐம்பது ரியோ (அந்தக் காலத்துத் தங்கக் காசு) குறைந்ததற்காக 1866இல் அவர் உயிர் போனது. வீட்டுக்கு எழுதிக் கேட்ட பணம் சில நாள் தாமதமாக வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். யமனாமி கெய்சுக்கே என்ற மூத்த தலைவர் ஓடிப்போனார் என்று பிடித்துவந்து வயிற்றைக் கிழித்துக்கொள்ள வைத்தார்கள். பக்கத்தில் நின்று தலையை வெட்டியவர், அவரோடு ஒரே பயிற்சிக்கூடத்தில் பழகிய இளைஞர் ஒக்கிட்டா சோஜி. எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அனிமேயில் வருகிற, ஓரத்தில் பல்வரிசை மாதிரி வெள்ளை முக்கோணங்கள் போட்ட வெளிர்நீல மேலாடை உண்மைதான். ஆனால் அதைச் சுமார் ஒரு வருடம்தான் போட்டிருப்பார்கள். ஆரம்பத்தில் செரிசாவா காமோ என்று இன்னொரு தலைவரும் இருந்தார். குடித்துவிட்டு வணிகர்களிடம் மிரட்டிப் பணம் பறித்தார், ரகளை செய்தார். 1863 இலையுதிர் காலத்தில் மழை பெய்த ஒரு இரவு, அவர் தூங்கும்போது சொந்தப் படை ஆட்களே கொன்றார்கள். பழியைச் சோஷு ஆட்கள்மேல் போட்டு, அடக்கத்தைப் பெரிதாக நடத்தினார்கள். மிபுவில் யாகி குடும்பத்தின் அந்த வீடு இன்னும் இருக்கிறது. வழிகாட்டி உள்ளே உட்காரவைத்துக் கதை சொல்கிறார். அறைக்கு வெளியே ஓடிய செரிசாவா தடுக்கி விழுந்ததாகச் சொல்லப்படும் சிறிய எழுதுமேசை அங்கே இருக்கிறது. கதவுக்கு மேலுள்ள உத்தரத்தில் ஒரு வெட்டு. தலைக்கு மேல் ஓங்கிய வாள் மரத்தில் மாட்டியிருக்கிறது. அந்த அறை உன் பழைய குவார்ட்டர்ஸ் முன்னறை அளவுக்குத்தான் இருக்கும். அவ்வளவு சிறிய இடத்தில், இருட்டில், நான்கைந்து பேர் நீள வாளோடு. வெளியே வந்ததும் தேநீரும் பச்சைக் கீரைத்துண்டு கலந்த ஒரு மோச்சியும் (அரிசிமாவு உருண்டை) கொடுத்தார்கள். பேத்தி சாப்பிட்டாள், எனக்கு இறங்கவில்லை.

இவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இக்கேதாயா சத்திரத்துச் சம்பவம். 1864 ஜூலை, கியோன் திருவிழாவை ஒட்டிய ஓர் இரவு. அதற்கு முன் ஃபுருதாகா ஷுன்தாரோ என்பவரைப் பிடித்தார்கள். வியாபாரி வேஷத்தில் இருந்தவர், கடையில் ஆயுதங்களும் கடிதங்களும் கிடைத்தன. அவரை ஹிஜிகாட்டா சித்திரவதை செய்ததாகச் சொல்வார்கள். காற்றடிக்கும் நாளில் நகரத்துக்குத் தீ வைத்து, அந்தக் குழப்பத்தில் பேரரசரைத் தூக்கிக்கொண்டு போகத் திட்டம் என்று அவர் வாயிலிருந்து வந்ததாம். அன்றிரவே தேடக் கிளம்பினார்கள். அய்ஸு படை வரும்வரை காத்திருக்கவில்லை. கோண்டோ தன் சிறு குழுவோடு சத்திரத்தைக் கண்டுபிடித்து, வெளியே ஆட்களை நிறுத்திவிட்டு, ஒக்கிட்டா, நாககுரா ஷின்பாச்சி, தோடோ ஹெய்சுக்கே ஆகிய மூவரோடு உள்ளே நுழைந்தார். மாடியில் இருபது பேருக்கு மேல். கோண்டோ அடுத்த சில நாளில் ஊருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: நாககுராவின் வாள் முறிந்தது, ஒக்கிட்டாவின் வாள் முனை போனது, தோடோவின் வாள் விளிம்பு சிதைந்தது, என்னுடையது மட்டும் தப்பியது என்று கணக்குச் சொல்கிறார். பெருமை பொங்குகிறது அதில். ஊர்க்காரர்கள் படித்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று எழுதிய கடிதம்.

ஆனால் மாப்பிள்ளை, தீ வைக்கும் திட்டம் உண்மைதானா என்று இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் சண்டை போடுகிறார்கள். காரணம் அந்த வாக்குமூலம் வந்த விதம். அடித்து வாங்கின வாக்குமூலத்தை வைத்து எதையும் நிற்கவைக்க முடியாது என்று நீ சர்வீஸில் இருந்த காலம் முழுக்கச் சொல்வாய், அதனாலேயே மேலதிகாரி ஒருவரிடம் கெட்ட பெயரும் வாங்கினாய். நூற்று அறுபது வருடம் கழித்தும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது, பார். இன்னொன்று: இக்கேதாயாவுக்குப் பழிவாங்க வந்த சோஷு படை அடுத்த மாதமே அரண்மனை வாசலில் மோதியது. அப்போது பிடித்த தீயில் கியோட்டோவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. தீ நெருங்கியபோது சிறையிலிருந்த கைதிகள் தப்பிவிடுவார்கள் என்று பயந்து, விசாரணை முடியாதவர்களையும் சேர்த்து முப்பதுக்கு மேற்பட்டவர்களை வெட்டிப்போட்டார்கள். ஃபுருதாகாவும் அதில் போனார்.

பிறகு அவர்கள் நிஷி ஹொங்கான்ஜி கோயிலுக்குள் குடியேறியதும், அந்த வளாகத்தில் பீரங்கிப் பயிற்சி செய்ததும், டாக்டர் மட்சுமோட்டோ ரியோஜுன் வந்து பார்த்து மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் நோயில் படுத்திருப்பதைக் கண்டதும் தனிக் கதை. நோயாளிகளுக்குத் தனி அறை, குளியல், சமையலறைக் கழிவில் பன்றி வளர்த்துச் சத்துணவு என்று அவர் சொல்லிவிட்டுப் போக, ஹிஜிகாட்டா அறையையும் குளியலையும் அன்றைக்கே ஏற்பாடு செய்துவிட்டார். புத்தர் கோயில் வளாகத்தில் பன்றி வளர்ப்பு! கோயில்காரர்கள் கடைசியில் தங்கள் செலவிலேயே வேறு இடம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

இதையெல்லாம் விட எனக்கு நெஞ்சில் தைத்தது தேதிகள்தான். 1867 நடுவில்தான் ஷின்சென்குமி முழுவதையும் ஷோகனின் நேரடி ஊழியர்களாக ஏற்றார்கள். விவசாயி மகன் கோண்டோ உண்மையாகவே சாமுராய் ஆனார். சுமார் நான்கே மாதத்தில் ஷோகன் ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் எதற்காக ரத்தம் சிந்தினாரோ அது கைக்கு வந்ததும் கொடுத்தவர்கள் இல்லை. அடுத்த ஆண்டு பேரரசரின் புதிய அரசோடு நடந்த போரில் தோற்று, நாகரேயாமாவில் சரணடைந்தார். ஒரு சாமுராய்க்குக் கொடுக்கிற வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் உரிமையைக்கூடக் கொடுக்காமல், இட்டாபாஷியில் சாதாரணக் குற்றவாளியைப் போலத் தலையை வெட்டினார்கள். வயது 33. தலையைக் கியோட்டோவுக்குக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் வைத்தார்கள். ஷோகன் ஆட்சியை எதிர்த்த சக்காமோட்டோ ரியோமாவைக் கொன்றது ஷின்சென்குமிதான் என்ற கோபமும் அதற்கு ஒரு காரணம். 1870இல்தான், அது நாங்கள் என்று மிமவாரிகுமியின் இமாய் நொபுவோ ஒப்புக்கொண்டார். ஒக்கிட்டா அதே 1868இல் காசநோயில் போனார். ஹிஜிகாட்டா வடக்கே ஹாக்கொடாடே வரை போய்ச் சண்டையிட்டு 1869இல் சுடப்பட்டு இறந்தார்.

மிச்சம் இருந்தவர்களில் சைத்தோ ஹாஜிமேயை உனக்குப் பிடிக்கும். பெயரை மாற்றிக்கொண்டு டோக்கியோ போலீஸில் சேர்ந்தார். அந்தப் போலீஸை 1874இல் பாரிஸ் மாதிரியில் உருவாக்கியவர் கவாஜி தோஷியோஷி, ஷோகனை வீழ்த்திய எதிரிப் பக்கத்துச் சட்சுமா பிரதேசத்துக்காரர்! 1877இல் சட்சுமாவே புதிய அரசுக்கு எதிராகக் கலகம் செய்தபோது, அதை அடக்கப் போன போலீஸ் படையில் சைத்தோ இருந்தார். காயமும் பட்டார். நாககுரா 1876லேயே இட்டாபாஷியில் கோண்டோவுக்கும் ஹிஜிகாட்டாவுக்கும் கல் நாட்டினார். இப்போது ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது, நான் போனபோது யாரோ புதுப்பூ வைத்திருந்தார்கள்.

பேரனுக்கு என்ன சொல்வது? தைரியசாலிகள், சொன்ன சொல் தவறாதவர்கள் என்று சொல். அவர்களைத் தட்டிக் கேட்க ஒரு கோர்ட்டும் இல்லை, அதனால் தங்கள் ஆட்களையே கொன்று குவித்தார்கள் என்றும் சேர்த்துச் சொல். பத்து வயதுக்காரன் இரண்டையும் தாங்குவான். முதலில் சொன்னதை மட்டும் சொல்லி விட்டுவிடாதே.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, சர்வீஸில் இருந்தவன் நீதான் பதில் சொல்ல வேண்டும். ஆட்சி மாறிய பிறகு பழைய எதிரியின் கீழே அதே வேலையைச் சைத்தோ எப்படிச் செய்திருப்பார்? பிழைப்புக்காக என்று என் மகள் சொல்கிறாள். எனக்கு அது போதவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. அக்காவை விசாரித்ததாகச் சொல். சித்திரையில் ஊருக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாகிவிட்டது.

அன்புடன்,
உன் மச்சான்